வழிகாட்டிக் கோழியின் கால்

எங்கள் மேய்நோங் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகும்போது தனியாகப் போவதில்லை. கூடவே இரண்டு கோழிகள் போகும். கூவிப் பழகுகிற ஒரு இளஞ்சேவல், இன்னும் முட்டைக்கு வராத ஒரு விடைக்கோழி. நீளமான சிவப்புக் கயிற்றின் இரண்டு முனையிலும் இரண்டின் காலையும் கட்டி, கூடையில் வைத்து மூடி அனுப்புவார்கள். வழிகாட்டிக் கோழிகள் என்று பெயர். புது வீட்டில் ஒரு மாதம் அவற்றுக்கு மணக்கட்டிலின் அடிதான் இடம். அவற்றை அறுக்கக் கூடாது, சாகவிடவும் கூடாது. மாதம் நிறைகிற நாளில் மாமியார் கத்தரிக்கோலோடு முற்றத்தில் நிற்பாள். எல்லார் முன்னாலும் கயிற்றை வெட்டிக் கூட்டத்தோடு விடுவாள். அப்போதுதான் கோழியின் காலைப் பார்ப்பாள்.

கோழியின் வயசு காலில் இருக்கிறது, கண்ணுங்களா. விடைக்கோழியின் கால் மஞ்சளாக, வழுவழுவென்று, இப்போதுதான் உரித்த மூங்கில் குருத்து மாதிரி இருக்கும். முட்டையிட்டு, அடை கிடந்து, குஞ்சுகளோடு குப்பையைக் கிளறின கோழியின் கால் வெளுத்துச் செதில் தூக்கிப் போயிருக்கும். விடைக்கோழி வந்தால் வந்த பெண்ணும் புதுசு என்று அர்த்தம். குஞ்சு பொரித்த கோழி வந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்படி ஒன்று எங்கள் ஊரில் வந்ததே இல்லை, என் கல்யாணம் வரைக்கும்.

என் விடைக்கோழியைக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மரநாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. வேறு வீட்டில் கேட்டு வாங்கினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அம்மா கூண்டுக்குள் கையை விட்டுப் புள்ளிச்சியை இழுத்தாள். புள்ளிச்சி உடம்பில் சின்னது. தூரத்தில் பார்த்தால் விடைக்கோழி என்றுதான் தோன்றும்.

"அம்மா, இது மூணு தடவ குஞ்சு பொரிச்சதும்மா."

"உஷ்! அதுக்கே மறந்துபோச்சு. நீ எதுக்கு ஞாபகப்படுத்துற?"

பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சாம்பலைத் தொட்டு அதன் காலைத் தேய்த்தாள். செதில்களை ஒவ்வொன்றாகப் படிய வைத்துக் கடலை எண்ணெய் தடவினாள். புள்ளிச்சி கண்ணை மூடிக்கொண்டு, யாரோ தலைவாரிவிடுகிற மாதிரி சுகமாக இருந்தது. "கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க. கோழி கால எவ பாப்பா? மாசம் முடியற அன்னிக்கு மட்டும் மறுபடி தடவிடு, லான்மோய். மறந்துடாத." ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை என் சீர்ப்பெட்டியின் அடியில் துணிகளுக்குள் செருகினாள்.

அம்மா ஒன்றைக் கவனிக்கவில்லை. புள்ளிச்சி அப்போது அடைக்கு விழுகிற சமயம். மூடின கூடைக்குள் இருட்டு, அரை நாள் மாட்டுவண்டி ஆட்டம், வந்து சேர்ந்த இடத்தில் கட்டிலடி இருட்டு. அது தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் சேவல் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது. கழுத்தை நீட்டிப் பாதிக் கூவலில் விக்கி நின்றது. எது முதலில் வருகிறதோ அதை வைத்து முதல் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வார்கள். கதவுக்கு வெளியே காத்திருந்த என் நாத்தனார் ஃபுங்யின் கைதட்டினாள். "அம்மா, சேவல்தான் மொதல்ல!" மாமியார் முகமெல்லாம் சிரிப்பு. கோழியும் பின்னால் வரும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. மத்தியானமும் வரவில்லை.

"அதுக்கு வெக்கம்," என்றாள் ஃபுங்யின். "அண்ணி மாதிரியே."

குனிந்து பார்த்தேன். கீழே விழுந்த தொப்பி மாதிரி புள்ளிச்சி தரையோடு தரையாகப் பரந்து கிடந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்து, கண் எங்கேயோ நிலைத்து, அடிவயிற்றிலிருந்து 'க்ளுக்... க்ளுக்...' என்றது. எடுக்கக் கையை நீட்டினேன். புறங்கையில் ஒரு கொத்து.

முட்டையே இடாத கோழி எங்காவது அடை கிடக்குமா? யாராவது குனிந்து பார்த்தால் போதும், காலைப் பார்க்கவே வேண்டாம். மத்தியானம் எல்லாரும் கண் அயர்ந்த நேரத்தில் அதைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் வயிறு நனைய முக்கினேன். மூக்கில் ஒரு இறகைக் குத்திவிட்டேன். ஜன்னல் கம்பியில் உட்காரவைத்தேன். எதற்கும் அடை தெளியவில்லை. இறங்கி, ஈரத்தோடு நடந்து, கட்டிலடிக்கே போய் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டது. இல்லாத முட்டைகளை அலகால் ஒதுக்கி ஒதுக்கி வயிற்றுக்கடியில் தள்ளியது. தீனி தொடவில்லை. வெறும் அடையிலேயே காய்ந்து செத்துப்போகிற கோழிகள் உண்டு. வழிகாட்டிக் கோழி செத்தால் அதற்கும் ஊரில் ஒரு அர்த்தம் இருக்கிறது.

அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அதுதான். ராத்திரி அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தலையணையில் முகம் புதைத்து அழுதேன். புருஷன் யுன்ஹோன் நல்லவர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் பேசமாட்டார். 'ம்' என்பார், 'சரி' என்பார், கிண்ணத்தை நீட்டினால் வாங்கிக்கொள்வார். புகையிலை உலர்த்தி முடிந்து இலை பிரிக்கிற காலம் அது. உயரமான உலர்த்துகூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து மஞ்சள் இலை வேறு, செம்பழுப்பு வேறு என்று பகல் முழுக்கப் பிரிப்போம். தேனும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கூரை இடுக்கில் வெயில் தூண் தூணாக இறங்கும், அதில் தூசி மிதக்கும். என் காது மட்டும் எந்நேரமும் கட்டிலடியில் இருக்கும். க்ளுக். க்ளுக்.

மூன்றாம் நாள் காலை புள்ளிச்சியின் வயிற்றுக்கடியில் ஏழு முட்டை இருந்தன.

கனவு என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தன. கீழே புது வைக்கோல். புள்ளிச்சி என்னைப் பார்த்த பார்வையில் 'இப்ப என்ன சொல்ற?' என்று கேட்கிற மாதிரி ஒரு பெருமை. ஒன்றை எடுத்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிசாக, வழவழவென்று, வெளிறின பச்சை. வாத்து முட்டை! வாய்க்காலில் நீந்துகிற மாமியாரின் வாத்துகள் இட்டது. உப்பில் ஊறப்போடக் கூடையில் சேர்த்து வைத்திருந்த முட்டை. பெண்பிள்ளை யாரும் இதைச் செய்திருக்கமாட்டாள். கோழிமுட்டைக்கு இருபத்தொரு நாள், வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள். பட்டினி கிடக்கிற கோழிக்கு இன்னும் ஏழு நாள் கூடுதல் வேலை கொடுக்க யாருக்கு மனசு வரும்? கோழியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆளுக்குத்தான் வரும்.

மத்தியானச் சாப்பாட்டில் யுன்ஹோன் இடது கையைக் கிண்ணத்துக்குக் கீழே மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். கீரையை நான் நீட்டியபோது கை வெளியே வந்தது. புறங்கையில் மூன்று கொத்து, சிவந்து.

ஃபுங்யினுக்குக் கண் எல்லா இடத்திலும் இருக்கும். "அட, அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே எடத்துல மச்சம்!"

"கொசு," என்றார் யுன்ஹோன்.

"கொசு," என்றேன் நானும், அதே நேரத்தில்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கொசுவா? நல்ல ஜோடிக் கொசு."

அவர் காது நுனி வரைக்கும் சிவந்துபோனார். அன்றைக்குத்தான் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் காலையில் எழுந்தால் கட்டிலடியில் ஊறவைத்த அரிசி ஒரு மூடியில் இருக்கும். மத்தியானம் மற்றவர்கள் தூங்கும்போது நான் புள்ளிச்சியைத் தூக்கிப் பின்ஜன்னல் வழியே வாழைமரத்தடியில் விடுவேன். அடைக்கோழி நாளெல்லாம் அடக்கிவைத்து ஒரே தடவையில் போடும், அந்த நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை மண் போட்டு மூடுவது என் வேலை. வாத்து முட்டைக்கு ஈரம் வேண்டும். தாய் வாத்தானால் நனைந்த வயிற்றோடு வந்து உட்காரும். நான் வெந்நீரில் கையை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்துத் திருப்பி வைப்பேன். துணியோடு ஒரு கிண்ணம் தானாக வந்து சேர்ந்திருந்தது.

பத்தாம் நாள் ஜன்னல் பலகையில் இருந்த ஓட்டை வழியாக வந்த வெயிலில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தேன். அறை முழுக்க இருட்டு, விரலளவு வெயில், அதன் முனையில் முட்டை. உள்ளே செந்நூல் மாதிரி நரம்புகள் கிளை விட்டு ஓட, நடுவில் ஒரு புள்ளி துடித்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் நானும் அந்த முட்டைக்குள் இருக்கிற மாதிரி, சுற்றிலும் பச்சை வெளிச்சமாக, வெளியே யாரோ புகையிலை பிரிக்கிற சத்தம் தூரத்தில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஆறில் உயிர் இருந்தது. ஒன்று வெறுமை. அதை லோங்கன் பழமரத்தடியில் புதைத்தேன்.

எல்லாம் இப்படியே போயிருக்கும். ஆனால் மாமியார் முட்டைக்கூடையைப் பார்த்துவிட்டாள்.

முதலில் பின்வீட்டு ஆ-கிம் அக்காவின் கறுப்பு நாய் மேல் சந்தேகம். அப்புறம் அவளே யோசித்துத் தீர்ப்பை மாற்றினாள். "நாய் தின்னா ஓடு எங்க? நாய் என்ன ஓட்டையும் மென்னு முழுங்கிட்டு வாயத் தொடச்சிக்கிட்டா போகும்? இது ரெண்டு கால் நாயி!" மூங்கில் வேலியோரம் நின்று, யாரையும் பார்க்காமல், வானத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். "சில வீட்டுல வாத்து வளக்க சோம்பேறித்தனம். ஆனா உப்பு முட்டை மட்டும் கஞ்சிக்கு வேணுமாம்!"

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆ-கிம் அக்காவும் வானத்துக்கே பதில் சொன்னாள். "சில பேரு வாத்து வாய்க்கால்ல முட்டை போட்டா, மீனைக் கூடக் கூப்ட்டு வெச்சு விசாரிப்பாங்க!"

தினமும் இதே கச்சேரி. ஆ-கிம் அக்கா புருஷன் இல்லாதவள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சிவப்பு அரிசிக் கேக் அவள் கையால்தான். வழியில் என்னைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மாசம் நெறையற அன்னிக்கு நான் வரமாட்டேம்மா. தப்பா எடுத்துக்காத. வந்தா உங்க சொந்தக்காரங்க என் கைப்பையத்தான் பாப்பாங்க." சொல்லிவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கட்டிலடிச் சத்தம் எனக்குத் தாலாட்டாக இல்லை. என் பேரைக் காப்பாற்ற இன்னொருத்தி பேர் போகிறது. கட்டிலடியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பேர் திரும்பும். அப்போது எல்லாரும் குனிவார்கள், கோழியைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். என் அம்மாவையும் சேர்த்துத்தான்.

இருபத்தைந்தாம் நாள் முட்டைகளை நீச்சல் விட்டேன். பொரிக்கிற நாள் நெருங்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை விட்டால், உயிருள்ளது தானாக அசையும். நாங்கள் அதைத் தண்ணீர் மிதிக்கிறது என்போம். என் சீர்த் தட்டுமுட்டுகளில் பியோனிப் பூ வரைந்த எனாமல் பேசின் ஒன்று உண்டு. அதில் தண்ணீர் ஊற்றி ஆறையும் மெல்ல விட்டேன். கொஞ்ச நேரம் சும்மா மிதந்தன. அப்புறம் ஒன்று தலையாட்டியது. இன்னொன்று துள்ளி அதை இடித்தது. ஆறும் சிவப்புப் பூக்களுக்கு மேலே நடுங்கி நடுங்கிச் சுற்றி வந்தன. தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள்.

பின்னால் மூச்சுச் சத்தம். யுன்ஹோன் வாசலில் நின்றிருந்தார். வந்து பக்கத்தில் குந்தினார்.

"இது... நீந்துதே," என்றார்.

"வாத்துதானேங்க. நீந்தத்தான் செய்யும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாத்துன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே."

"அப்ப கோழி இதை..."

"அதுக்கு எதுவா இருந்தா என்ன? சூடு கேட்டா குடுக்கும்."

ஒரு முட்டையை விரல் நுனியால் தொட்டார். "அது வெறுந்தரையில ஒக்காந்திருந்துச்சு. நீயும் அழுதுட்டே இருந்த. எனக்கு வேற என்ன செய்யறதுன்னு தெரியல," என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரநாய், புள்ளிச்சி, பிரஷ், எண்ணெய்ப் புட்டி. அவர் 'ம்' என்றார். அவருடைய 'ம்'மில் எத்தனை விதம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாதம் நிறைந்த நாள். முற்றத்தில் மூன்று மேஜை நிறையச் சொந்தக்காரர்கள். சிவப்பு அரிசிக் கேக் இல்லாத முதல் விசேஷம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆ-கிம் அக்கா துணி உலர்த்துவது தெரிந்தது. ஒரே சட்டையை மூன்று தடவை உதறினாள். மாமியார் கத்தரிக்கோலோடு நின்றாள். "லான்மோய், கொண்டுவாம்மா!"

நான் அறைக்குள் போய்க் கட்டிலடியில் படுத்துக் கையை விட்டேன். புள்ளிச்சி கொத்தவில்லை. காகிதம் மாதிரி எடை இல்லாமல் இருந்தது, பாவம். அதன் வயிற்றுக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு முட்டையில் ஓட்டை விழுந்து, தட்டையான குட்டி அலகு வெளியே தெரிந்தது. இன்னொன்று ஏற்கெனவே உடைந்து, நனைந்த மஞ்சள் உருண்டை ஒன்று இறகுக்குள் தலையைக் குத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் முந்திவிட்டன.

ஒரு கையில் புள்ளிச்சியின் கால், இன்னொரு கையில் எண்ணெய்ப் புட்டி. கோழியை மட்டும் தூக்கிக் காலைத் துடைத்து எடுத்துப் போனால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பொரிக்கிற நேரத்தில் அந்த ஐந்து நிமிஷமே போதும், முட்டைகள் ஆறிப்போகும். வெளியே ஆ-கிம் அக்கா நான்காவது தடவையாகச் சட்டையை உதறுகிற சத்தம் கேட்டது.

புட்டியை மூடிப் பெட்டியில் போட்டேன். பேசினில் வைக்கோலைப் பரப்பி, கோழி, முட்டை, குஞ்சு எல்லாவற்றையும் அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சிவப்புக் கயிற்றின் மறுமுனையில் சேவல் இழுபட்டுக்கொண்டே ஓடி வந்தது.

"அத்தை, உங்க முட்டை இங்கதான் இருக்கு. ஆ-கிம் அக்கா எடுக்கல." குரல் எனக்கே கேட்காத அளவுக்கு இருந்ததால் மறுபடி சொன்னேன். அது ரொம்பச் சத்தமாகிவிட்டது.

"நான்தான் எடுத்தேன்," என்றார் யுன்ஹோன், முற்றத்தோரம் புகையிலைக் கட்டுகளுக்கு நடுவிலிருந்து எழுந்து.

மாமியார் பேசினைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். குனிந்து புள்ளிச்சியின் காலை விரலால் தொட்டு, ஒரு செதிலை நகத்தால் நிமிண்டினாள்.

"இது இதுக்கு எத்தனாவது அடை?"

"நாலாவது, அத்தை."

மேஜையோரம் உட்கார்ந்திருந்த பெரிய அத்தை ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "அடி ஆத்தி! கெழவிக் கோழியையா கட்டிவிட்டாங்க? அப்ப பொண்ணு..."

"பெரியத்தை," என்றார் யுன்ஹோன். அந்த வீட்டில் அவர் இவ்வளவு பேசி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. "அது பேரு வழிகாட்டிக் கோழி. வழி தெரிஞ்சதா இருந்தா தப்பா? வழியே தெரியாத கோழி வந்து நமக்கு எந்த வழியக் காட்டப் போவுது?"

முதலில் சிரித்தது வேலிக்கு அந்தப் பக்கம். ஆ-கிம் அக்கா சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஃபுங்யின் சிரித்தாள். "அதான் கொசுவா!" மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பேசினை என் கையிலிருந்து வாங்கி நிழலில் வைத்தாள். தன் நீலச் சட்டையின் நுனியை நனைத்து மற்ற முட்டைகளின் மேல் பிழிந்தாள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க. பேசாம இருங்க, பயந்து எந்திரிச்சிடும்." பெரியத்தை பக்கம் திரும்பாமலே, "உங்களையுந்தான் சொல்றேன்," என்றாள். அப்புறம் சிவப்புக் கயிற்றை இரண்டு பக்கமும் வெட்டினாள்.

அவளால் மன்னிப்புக் கேட்க முடியாது. அது அவள் நாக்கில் வராது. வேலியோரம் போய் நின்று, பழைய மாதிரியே வானத்தைப் பார்த்தாள். "சில பேரு அரிசிக் கேக் செய்யாம இருந்தா, விசேஷம் விசேஷமாவே இல்ல."

வானத்துக்கே பதில் வந்தது. "சில பேரு வீட்டுல அரிசி ஊறவெச்சது காலையிலேர்ந்து அப்படியே இருக்கு. கூப்ட்டா அரைக்க எவ்ளோ நேரம்?"

சாயங்காலத்துக்குள் ஆறும் பொரித்தன. நான்காம் நாள் புள்ளிச்சி அவற்றைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் வரைக்கும் நடந்தது. நிலவொளி மலை என்ற எங்கள் ஊர் மலையிலிருந்து வருகிற தண்ணீர், அடிமணல் தெரியும். ஆறு மஞ்சள் உருண்டைகளும் கேட்காமல் கொள்ளாமல் தண்ணீரில் இறங்கி மிதந்து போயின. புள்ளிச்சி கரையில் நின்று கத்தியது. இங்கும் அங்கும் ஓடியது. அப்புறம் கத்துவதை நிறுத்திவிட்டுக் கரையோடு கூடவே நடந்தது, அவை போகிற வேகத்துக்கு. காலில் கயிற்றின் சிவப்பு நுனி ஒன்று மிச்சம் இருந்தது. செதில் தூக்கிய அந்தக் கால் ஈரமண்ணில் பூப் பூவாகத் தடம் வைத்துக்கொண்டே போனது. நானும் யுன்ஹோனும் அந்தத் தடங்களை மிதிக்காமல் பின்னால் நடந்தோம்.

"லான்மோய்," என்றார் அவர். ஒரு மாதத்தில் முதல் தடவையாக என் பேரைச் சொல்லி.

"ம்," என்றேன் நான்.